லோடுக்கு அடித்த காற்று

பூமிக்குள் ஓட்டை போட்டே பிழைக்கிற ஊர் திருச்செங்கோடு. அந்த ஊரின் ரிக் லாரிகள் ராஜஸ்தான் மணலிலும் மத்தியப் பிரதேசத்துக் கரிசலிலும் ஆயிரம் அடிக்குக் கீழே பாறையைக் குடைந்து தண்ணீர் தேடிவிட்டு, சேறும் புழுதியும் பூசிக்கொண்டு வருஷத்துக்கு ஒரு தரம் ஊர் திரும்பும். அப்படிக் கீழே பார்த்தே பழகிய சனம் ஓர் ஆவணி மாதம் முழுக்க மேலே பார்த்துக்கொண்டு நடந்ததற்கும், நடந்து ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டதற்கும், முட்டிக்கொண்டவர்களுக்குள்ளே இரண்டு கல்யாணமும் ஒரு பாகப்பிரிவினையும் பேசி முடிந்ததற்கும் காரணம் டிரைவர் அங்கப்பனின் கத்திரிப்பூ நிறக் கார்தான்.

அதைத் தன்னுடையது என்று சொல்ல அங்கப்பனுக்கே நாக்குக் கூசும். இருபது வருஷத்துக்கு மேல் அதை ஓட்டியவர் அவர், அதில் உட்கார்ந்து போனவர்கள் வேறு. ஸ்பின்னிங் மில் முதலாளி அதை ஜெர்மனியிலிருந்து வரவழைத்தபோது, பின்சீட்டில் காப்பி டம்ளரை வைத்துவிட்டு மதுரைவரை போனாலும் சொட்டுச் சிந்தாது என்று ஊரே பேசிக்கொண்டது. மற்ற வண்டிகள் இரும்பு ஸ்பிரிங்கின் மேல் நிற்க, இது நான்கு சக்கரத்துக்கும் நான்கு ரப்பர் பைகளில் அடைத்த காற்றின் மேல் நின்றது. முதலாளி காலமாகி, மில் கைமாறி, மகன்கள் கடல் தாண்டிக் குடியேறிய பிறகு, வாங்க ஆளில்லாமல் கிடந்த காரை மூத்தவர் போனிலேயே அங்கப்பனுக்குக் கொடுத்தார். வாங்க ஆளில்லாததற்குக் காரணம் அந்தக் காற்றுதான். ரப்பர் வயசாகி வெடித்துப்போயிருந்தது. சாயங்காலம் மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்ற வண்டி, விடிகிறபோது சேற்றில் படுத்த எருமை மாதிரி வயிற்றைத் தரையில் வைத்துக் கிடக்கும்.

அது கிடக்கட்டும் என்று விட்டிருப்பார், மகள் கோகிலவாணிக்குக் கல்யாணம் கூடாமல் இருந்திருந்தால். வாணி சின்னப் பிள்ளையாக இருந்தபோது, லீவு நாட்களில் மில் பங்களாவுக்கு அப்பாவோடு வந்து, மஞ்சள் துணியால் கார் கண்ணாடிகளைத் துடைத்துக் கொடுப்பாள். ஒருநாள் திறந்திருந்த பின்கதவு வழியாக, பாலாடை நிறத் தோல் சீட்டின் மேல் ஒரு முழங்காலை வைத்தாள். முதலாளியம்மா மாடியிலிருந்து, கோபமே இல்லாமல், "ஏறிராத பாப்பா, சீட்டு அழுக்காயிரும்" என்றார். பிள்ளை காலை எடுத்துவிட்டது. அதற்கப்புறம் ஒருதரம்கூட அதில் ஏறவேண்டும் என்று கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் அங்கப்பனுக்குள் நின்றுபோனது. நிச்சயதாம்பூலத்தன்று, சம்பந்தி வீட்டு ஒறம்பரைச் சனம் அத்தனை பேருக்கும் முன்னால், யாரும் கேட்காமலே எழுந்து நின்று சொல்லிவிட்டார்:

"பொண்ணு என்ற காருல, பின்சீட்டுல ஒக்காந்து மண்டபத்துக்கு வரும். நான்தான் ஓட்டுவேன்."

அவர் மனைவி வசந்தாமணி அப்போதே முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

கோயம்புத்தூரில் கண்ணாடிக் கட்டடம் வைத்திருந்த ஒரு சர்வீஸ் கம்பெனியில் நான்கு பையும், அதற்குக் காற்றடிக்கிற கம்ப்ரஸரும், வால்வும் மாற்ற என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு வந்து, அந்தத் தொகையை வீட்டில் சொன்னபோது, ரிக் உதிரிபாகக் கடையில் பில் போடுகிற வாணி டிபன்பாக்ஸைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"அந்தக் காசுக்கு நான் இன்னொரு கல்யாணம் பண்ணிக்கலாமுங்கப்பா."

"வாயக் கழுவு புள்ள" என்றாள் வசந்தாமணி. "ஏனுங்க, பேசாம வாடகைக்கு ஒரு வண்டி சொல்லிருங்க. ஊருல இல்லாத காரா."

மறுநாள் அங்கப்பன் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு சங்ககிரி ரோட்டுக்கு, நாச்சப்பன் கடைக்குப் போனார். லாரிக்கும் பஸ்ஸுக்கும் டயர் பார்க்கிறவர் நாச்சப்பன். ஆம்னி பஸ்களுக்கு அடியில் இருக்கும் காற்றுப் பைகளை அந்தச் சுற்றுவட்டாரத்தில் கழற்றி மாட்டுகிற ஒரே ஆளும் அவர்தான். அங்கப்பனோடு ஒரே பெஞ்சில் படித்தவர், தன் கைவேலையைப் பற்றித் தானே வாய் வலிக்கப் பேசுகிறவர்.

"இதென்ன மாப்ள பெரிய வித்தை" என்றார் காரின் அடியில் மல்லாந்து படுத்தபடி. "பஸ்ஸுல இருக்கறதுதான். ஜெர்மனிக்காரன் பட்டுத்துணி சுத்தி வெச்சிருக்கறான், அவ்வளவுதான்."

"ஆவுமா ஆவாதா, அதச் சொல்லு மச்சான்."

"ஆவும். பாக்க லட்சணமா இருக்காது."

"அடியிலதான இருக்குது. யாரு குனிஞ்சு பாக்கப் போறாங்க."

அப்படித்தான் வேலை ஆரம்பித்தது. பைகளைக் கழற்றிச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தால், மடிப்பு மடிப்பாக நுரை கிளம்பியது. காயலாங்கடையில் கிடந்த ஓர் ஆம்னி பஸ்ஸின் பின்பையை வெட்டி, வெடிப்புகளின் மேல் பட்டையாக வைத்துச் சூடுபோட்டு ஒட்டி, மேலே பைப்புக்குப் போடுகிற கிளாம்பை இறுக்கி, அதற்கும் மேலே லாரி டியூபை நாடாவாகக் கிழித்துச் சுற்றினார் நாச்சப்பன். கடைசியில் நான்கு பைகளும் கால் உடைந்து கட்டுப் போட்டவர்களைப் போல் இருந்தன. காரோடு வந்த கம்ப்ரஸர் பொசுங்கிப்போயிருந்ததால் அதைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். காற்றுக்கு வேறு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. கடைவாசலில் டயர் மாற்ற ஒரு ரிக் லாரி நின்றிருந்தது. அதன் முதுகில் ஒரு வீட்டறை அளவுக்குக் கம்ப்ரஸர். கல்லைத் தூளாக்கி, அந்தத் தூளை ஆயிரம் அடிக்குக் கீழிருந்து வானத்துக்குத் துப்புகிற காற்று அது. "நம்ம வாணிக் கண்ணு கல்யாணத்துக்குத்தான, புடிச்சுக்குங்க" என்று ரிக்காரர் ஹோஸை நீட்டினார்.

இங்கேதான் அந்தத் தப்பு நடந்தது. வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் நடந்திருக்காது. லாரி ஊரில் நிற்கிற வண்டிக்கு யாரும் காற்று அடிப்பதில்லை, ஏறப்போகிற லோடுக்குத்தான் அடிப்பார்கள். எத்தனை டன் என்று கேட்காமல் நாச்சப்பன் ஹோஸைத் தொடமாட்டார். பத்து என்று சொன்னால் பதினைந்துக்கு அடிப்பார், ஏனென்றால் பத்து என்று சொன்னவன் பதினைந்து ஏற்றுவான். கை வழக்கமாக அன்றைக்கும் கேட்டார்.

"லோடு என்ன மாப்ள?"

"லோடா? கண்ணாலப் பொண்ணு."

"அது தெரியுது. எத்தன வெயிட்டு?"

அங்கப்பன் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். பாலாடை நிறச் சீட்டு, யாரும் உட்காராமல் பளபளத்துக்கொண்டு இருந்தது. அதன் ஓரத்தில் வைத்து எடுத்த ஒரு சின்ன முழங்காலும், அதற்கப்புறம் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோன வருஷங்களும், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு காலேஜுக்குப் போன வருஷங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக மூட்டை மூட்டையாக அதில் ஏறிக்கொண்டன.

"நெறைய இருக்கும் மச்சான்" என்றார்.

நாச்சப்பன் மறுகேள்வி கேட்கவில்லை. நிறையவுக்கு அடித்து, வழக்கப்படி அதற்கும் மேலே கொஞ்சம் சேர்த்து அடித்தார். கார் முதலில் முழங்காலை ஊன்றி எழுவது போல முன்பக்கம் எழுந்தது, பிறகு பின்பக்கம் எழுந்தது, இருக்க வேண்டிய உயரத்துக்கு வந்தது, அங்கே நின்றது. ஹோஸைக் கழற்றி வால்வை மூடி, இருவரும் டீ சொன்னார்கள். டீ வருவதற்குள் டயர்களுக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. டீ குடித்து முடிப்பதற்குள் ஒரு கோழி அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் குனியாமல் நடந்து வந்தது. டீக்கடைக்காரர் டம்ளரை எடுக்க வந்தபோது கார் அவர் இடுப்பளவுக்கு இருந்தது, அவர் அதைச் சுற்றிக்கொண்டு வந்து டம்ளரை வாங்கிக்கொண்டு, "இன்னும் ஏறுமுங்களா?" என்று கேட்டார்.

"ஏறும்போல இருக்குது" என்றார் நாச்சப்பன்.

"அப்ப ஒரு கயித்தப் போடுங்க. லைன் கம்பி இருக்குதல்ல."

கயிறு போட்டுக் கரண்ட் கம்பத்தில் கட்டினார்கள். லாரி கேபின் உயரத்துக்குப் போனதும் கார் தானாகவே நின்றுகொண்டது. காற்று வீசினால் லேசாக ஆடியது.

ஊர் அதைத் தனக்குள் எடுத்துக்கொண்ட வேகம் அங்கப்பனுக்கே திகைப்பாக இருந்தது. முதல் நாளே டீக்கடைக்காரர் தன் பெஞ்சுகளைக் காரின் நிழலுக்கு இழுத்துப் போட்டார். வெயில் நகர நகர நிழல் நகர்ந்தது, நிழலோடு பெஞ்சும், பெஞ்சோடு பேச்சும் நகர்ந்து, சாயங்காலத்தில் அரசியல் பேசுகிறவர்கள் எதிர்ச்சாரியில் இருந்தார்கள். வடக்கே கிளம்புகிற ரிக் லாரிகள் சுற்றுவழியானாலும் சங்ககிரி ரோட்டுக்கு வந்து, காருக்கு முன்னால் நிறுத்தித் தேங்காய் உடைத்துவிட்டுப் போயின. கீழே போகிற தொழில்காரர்களுக்கு மேலே நிற்கிற ஒன்றைக் கும்பிட்டுவிட்டுப் போவது நல்லதாகத்தான் பட்டது. பக்கத்துத் தெருப் பெண்கள் ஏணி வைத்து ஏறி, கோழியும் ஆடும் வாய் வைக்காத இடம் என்று காரின் தலைமேல் கிழங்கு வற்றல் காயப்போட்டார்கள். யாரும் குனிந்து பார்க்க மாட்டார்கள் என்று நம்பிச் செய்த வேலையை, யாரும் குனியாமலே, ஊரே நிமிர்ந்து நின்று பார்த்தது. கட்டுப்போட்ட பைகளையும் கிளாம்புகளையும் டியூப் நாடாவையும் சுட்டிக்காட்டி, "ஏனுங் நாச்சப்பண்ணா, அந்த மூணாவது கட்டுக்கு மாவுக்கட்டுப் போட்டிருக்கலாமுங்களே" என்று கேட்டவர்களுக்கெல்லாம் நாச்சப்பன், "பறக்குதல்ல? உன்ற வண்டி பறக்குதா? போ" என்று பதில் சொன்னார்.

ஏன் பறக்கிறது என்ற பேச்சு ஒரே ஒரு மத்தியானம் நடந்தது. கீழேயிருந்து மேலே வந்தே பழகிய ரிக் காற்றுக்கு நிற்கத் தெரியாது என்று ஒருவர் சொன்னார். ஜெர்மனிக்காரன் முதலிலேயே இதற்குத்தான் செய்தான், நமக்குச் சொல்லவில்லை என்று இன்னொருவர் சொன்னார். அதற்குள் வடை வந்துவிட்டது.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் ஒருநாள் ஜீப்பை விட்டு இறங்கி, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"வண்டி யாருது?"

"என்னுதுங்க" என்றார் அங்கப்பன். அப்படிச் சொன்னது அதுதான் முதல் தரம்.

"ரோட்டுல நிக்கலயே."

"இல்லீங்க."

"ரோடு டாக்ஸ் கட்டியிருக்குதா?"

"கட்டியிருக்குதுங்."

"எதுக்குக் கட்டுன?" என்று கேட்டுவிட்டு, அந்தக் கேள்வியை அவரே கொஞ்சநேரம் யோசித்து, நான்கு டயரையும் கீழேயிருந்து தட்டிப் பார்த்தார். "டயரு நல்லா இருக்குது. இனிமே தேயாது" என்று சொல்லி, நிழலில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போனார்.

அங்கப்பனுக்கு மட்டும் டீ இறங்கவில்லை. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது, வண்டி இறங்குவதாக இல்லை. கிழங்கு மாவு மூட்டைகளை ஏற்றிப் பார்த்தார்கள். வேலிக்கு நடுகிற கல்லுக்கால்களை ஏற்றிப் பார்த்தார்கள். ஊரிலேயே கனத்த ஆட்களாகப் பொறுக்கி, அவர்களுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்து ஏற்றிப் பார்த்தார்கள். அவர்கள் உள்ளே உட்கார்ந்து ஏசி போடச் சொன்னார்களே தவிர, கார் ஒரு விரக்கடைகூட இறங்கவில்லை.

"வால்வத் தொறந்து விட்டுரு மச்சான்" என்றார் அங்கப்பன் ஒருநாள்.

நாச்சப்பன் முதன்முறையாக வாய் குறைந்து பேசினார். "தொறந்தா எறங்கீரும் மாப்ள. ஆனா எறங்குனா எறங்குனதுதான். பழைய ரப்பரு. உள்ள காத்து இருக்கற வரைக்கும்தான் அந்த ஒட்டெல்லாம் புடிச்சிட்டு நிக்கும். ஒருக்கா விட்டா நாலும் பொடிப்பொடியாக் கழண்டுரும். மறுக்கா என்னால ஆவாது. வேற யாராலயும் ஆவாது."

"அப்ப?"

"பொண்ணுக்குன்னு அடிச்ச காத்து. பொண்ணு ஏறுனா எறங்கும். பாரேன்."

அன்றைக்கே சம்பந்தி சுப்பராயன் ராசிபுரத்திலிருந்து தன் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். காரைப் பார்த்தார், மீசையைத் தடவினார்.

"பொண்ணு கால் தரையில படாம ஆகாசத்துல வருதுன்னா எங்க சனம் ஒரு மாதிரி பேசுமுங்களே சம்பந்தி."

அங்கப்பன் வாயைத் திறப்பதற்குள் அந்த அக்கா தம்பியைப் பார்த்துத் திரும்பினார். "பேசட்டுமே. போன தையில உன்ற பங்காளி மருமகள யானையில கூட்டிட்டு வந்தானே, அதை நாம இன்னும் பேசிட்டுத்தான இருக்கறம். இவ யானைக்கு மேல வாறாள்னு அவனும் பேசட்டும்."

சுப்பராயன் முகம் அந்தக் கணமே மலர்ந்தது. போகும்போது காருக்கு அடியில் நின்று ஒரு படமும் எடுத்துக்கொண்டார்.

வேலை முடிந்து வந்த வாணி, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். "எறங்காட்டிப் போவுதுங்கப்பா. நாம ஏறிக்கலாம்" என்றாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள், அதை ஊரில் அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை: "ஓடுதான்னு பாத்தீங்களா?"

அங்கப்பன் ஏணியில் ஏறி உள்ளே போய்ச் சாவியைத் திருகினார். எஞ்சின் எப்போதும் போல முனகாமல் எழுந்தது. கியரைப் போட்டார். தரையைத் தொடாத சக்கரங்கள் சுற்ற ஆரம்பித்தன, கயிறு விட்ட தூரத்துக்குள் கார் குளத்தில் எருமை நகர்வதைப் போல முன்னால் நகர்ந்தது. ஸ்டியரிங்கை ஒடித்தால் ஒடிந்தது, நேராக்கினால் நேரானது, பிரேக்கை மிதித்தால் நின்றது. சக்கரம் எதைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது என்று யாரும் கேட்கவில்லை. அவர் திருப்பிய பக்கம் திரும்பியே பழகிய வண்டி என்று மட்டும் சொல்லிக்கொண்டார்கள். கீழே கைதட்டல் எழுந்தது. அங்கப்பன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, லைசென்ஸ் எடுத்த அன்றைக்குச் சிரித்த மாதிரி சிரித்தார்.

கல்யாணத்தன்று விடிந்ததும், லைன்மேன் வந்து சங்ககிரி ரோட்டிலிருந்து பொன்மணி மஹால் வரைக்கும் கரண்ட்டை நிறுத்தினார். ஒருவரும் குறை சொல்லவில்லை, எல்லோரும் மொட்டைமாடியில்தான் இருந்தார்கள். வாணி கூரைப்புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து ஏணியில் ஏறினாள். அங்கப்பன் உள்ளேயிருந்து கை கொடுத்தார். பாலாடை நிறச் சீட்டில் அவள் உட்கார்ந்ததும் கார் கீழே இறங்கியது. கூட்டம் ஓவென்று கத்தியது, நாச்சப்பன் தன் நெஞ்சில் தானே தட்டிக்கொண்டார். ஒரு சாண் இறங்கி, கார் நின்றுவிட்டது. அதற்குமேல் இறங்கவில்லை.

"அவ்வளவுதானா?" என்று கீழேயிருந்து வசந்தாமணி கேட்டாள்.

"அவ்வளவுதான்போல" என்றாள் வாணி மேலேயிருந்து. "ஓட்டுங்கப்பா, நேரமாவுது."

கயிற்றை அவிழ்த்தார்கள். அந்தப் பயணத்தைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள், ஆனால் எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டுதான் சொல்வார்கள். முன்னால் நாதஸ்வரமும் தவிலும் தரையில் நடக்க, அவற்றின் தலைக்கு மேலே கத்திரிப்பூ நிறக் கார் ஊர்ந்து வந்தது. பஸ்கள் ஓரங்கட்டி நின்று ஹாரன் அடித்தன, டிரைவர்கள் கேபின் ஜன்னலில் கைநீட்டி டயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். முதல்மாடி ஜன்னல்களில் இருந்த பெண்கள் எட்டி வாணியின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்கள். ஒரு பால்கனியிலிருந்து சூடான காப்பி உள்ளே வந்தது, வாணி பாதியைக் குடித்துவிட்டு அடுத்த பால்கனியில் டம்ளரைக் கொடுத்தாள், சொட்டுக்கூடச் சிந்தவில்லை. நாற்சந்தியில் நின்ற போக்குவரத்துக் காவலர், கீழே எல்லாத் திசையையும் நிறுத்திவிட்டு, நிமிர்ந்து மேலே மட்டும் வழிவிட்டார்.

அங்கப்பன் கண்ணாடியில் மகளைப் பார்த்தார். இருபது வருஷமாக அந்தக் கண்ணாடியில் மற்றவர்களைப் பார்த்த இடத்தில் அவள் இருந்தாள்.

"எப்படி இருக்குது கண்ணு?"

"இடுப்பு வலிக்குதுங்கப்பா. என்ன சீட்டு இது, உள்ள வாங்குது."

அவர் சிரித்தார். சிரித்து முடித்ததும், வருஷக்கணக்காகக் கேட்க நினைத்ததை, ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அன்னிக்கு முதலாளியம்மா ஏறாதேன்னு சொன்னாங்களே. சங்கட்டமா இருந்துச்சா சாமி?"

"என்னிக்கு?"

"சின்னதுல. பங்களாவுல. நீ காலெடுத்து வெச்சியே."

வாணி யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், நெற்றி சுருங்கிச் சுட்டி அசைந்தது. "எனக்கு ஞாபகமே இல்லீங்கப்பா" என்றாள். "அங்க ஒரு கொய்யா மரம் இருந்துச்சு, அதான் ஞாபகம் இருக்குது. எதுக்குக் கேக்கறீங்க?"

அதற்குள் மஹால் வந்துவிட்டது.

கீழே வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றிருந்த சம்பந்தி வீட்டுப் பெண்கள், கார் எந்த உயரத்தில் வருகிறது என்று பார்த்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு படியேறி ஓடினார்கள். சாப்பாட்டுக்கூடத்துப் பால்கனிக்கு ஒட்டினாற்போல் அங்கப்பன் வண்டியை நிறுத்தினார். கதவு திறந்தது, பெண்கள் கைகொடுத்தார்கள், வாணி பட்டுப்புடவை சரசரக்கப் பால்கனியில் இறங்கினாள். ஆரத்தி சுற்றினார்கள். மாப்பிள்ளை மதன்குமார் மணமேடையிலிருந்து எழுந்து எட்டிப் பார்த்து, அத்தை ஒருத்தியிடம் திட்டு வாங்கி உட்கார்ந்தான்.

வாணி இறங்கியதும், அங்கப்பன் ஏற்றியிருந்த மூட்டைகளும் கூடவே இறங்கிவிட்டது போல, கார் மேலே போனது.

ஒரு சாண்தான் போகும் என்று கீழே இருந்தவர்கள் நினைத்தார்கள். அது மஹாலின் பெயர்ப்பலகையைத் தாண்டியது, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியது, தென்னந்தலைகளைத் தாண்டியது. அங்கப்பன் பிரேக்கை மிதித்துப் பார்த்தார், அது முன்னால் போவதைத்தான் நிறுத்தியது. ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று வந்தது. கீழே ரிக் லாரிகள் தீப்பெட்டிகளாக நின்றன. மலையும், மலைமேல் கோயிலும், அதற்கு அந்தப் பக்கம் அவர் வண்டியோட்டிப் போன சாலைகள் அத்தனையும் கோலம் மாதிரி விரிந்து கிடந்தன. பின்னால் யாரும் இல்லை. அங்கே போ, இங்கே நிறுத்து, மெல்லப் போ என்று சொல்ல ஒருவரும் இல்லை. நெஞ்சுக்குள் அடித்துக்கொண்டது பயம் என்றுதான் முதலில் நினைத்தார், பயமில்லை என்று புரிந்தபோது வாய்விட்டு ஒரு பாட்டை முனகிக்கொண்டிருந்தார். இன்னும் போகலாம்போல் இருந்தது. இப்படியே மதுரைக்கு மேலே போய்க் கடலைப் பார்த்துவிட்டு வரலாம்போல் இருந்தது.

ஜெனரேட்டரில் ஓடிய மைக் கீழேயிருந்து கரகரத்தது. "பொண்ணோட அப்பா அங்கப்பன் எங்கிருந்தாலும் உடனடியாக மணமேடைக்கு வரவும். தாரை வார்க்க நேரமாகிவிட்டது. பொண்ணோட அப்பா எங்கிருந்தாலும்..."

அவர் ஜன்னலில் தலையை நீட்டிக் குனிந்து பார்த்தார். எல்லோரும் மேடைப்பக்கம் போயிருந்தார்கள். பால்கனியில் வாணி மட்டும் நின்றிருந்தாள். வசந்தாமணி அவள் கையைப் பிடித்து உள்ளே இழுக்க, அவள் அசையாமல் கழுத்தை ஒடித்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த உயரத்திலிருந்து அவள் வகிடு தெரிந்தது.

அங்கப்பன் முன்சீட்டிலிருந்து நடுவே நுழைந்து பின்னால் போனார். வால்வு இருந்தது பின்சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்கி மடக்கினார். நான்கு குழாய்களும் கூடுகிற பித்தளைத் திருகின்மேல் கையை வைத்தபோது, அந்தக் கை ஒரு கணம் நின்றது. இருபது வருஷம் தினமும் துடைத்த கை. திறந்தால் இந்த எருமை இனி எழுந்திருக்காது. பிறகு திருகினார்.

காற்று பெருமூச்சாகக் கிளம்பியது. ஆயிரம் அடிக்குக் கீழே, வெயிலே பார்க்காத பாறையில் முதல் ஊற்று உடைகிறபோது வருகிற ஈர வாசனை, ரிக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த அந்த வாசனை, மஹால் முழுக்க, பந்தல் முழுக்க, தெரு முழுக்க இறங்கியது. கார் அதோடு சேர்ந்து, அவசரமே இல்லாமல், தென்னந்தலைகளையும் தொட்டியையும் பெயர்ப்பலகையையும் கடந்து வந்து, செருப்புகள் குவிந்து கிடந்த வாசலில் வயிற்றை வைத்துப் படுத்தது. அடியில் ஒட்டெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று விழுகிற சத்தம் கேட்டது. நாச்சப்பன் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அங்கப்பன் இறங்கி ஓடினார். ஓடும்போதே கால் சரியாகப் பாவவில்லை என்று தெரிந்தது. அவருக்கு மட்டுமில்லை. அந்தக் காற்றை மூச்சிழுத்த அத்தனை பேரும் தரையை விட்டு ஒரு சாண் எழும்பியிருந்தார்கள். தவில்காரர் மிதந்துகொண்டே அடித்தார். பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்தவர்கள், பரிமாறுகிறவர் எட்டவில்லை என்று திட்டிக்கொண்டிருந்தார்கள். சுப்பராயனின் அக்கா தன் புடவைக் கொசுவத்தைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டு, "யானையாமா, யானை" என்று யாரையோ பார்த்துச் சொன்னார். சடங்கு நடத்துகிற அருமைக்காரர், மணமேடைக்கு மேலே சம்மணம் போட்டபடி மிதந்துகொண்டு, செம்பை நீட்டினார்.

"வாப்பா சீக்கிரம். எங்க போயிட்ட?"

"இங்கதானுங்க, மேல இருந்தேன்."

"செம்பப் புடி."

அங்கப்பன் செம்பைப் பிடிக்கவில்லை. மகள் பக்கம் திரும்பி, வேர்வை ஈரமாக இருந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அவள் தலையில் ஒரு பக்கமாகச் சரிந்திருந்த மல்லிகைச் சரத்தை எடுத்து, வகிடுக்கு நேராக, மெதுவாக வைத்துச் செருகினார்.

"என்னுங்கப்பா?" என்றாள் வாணி.

"மேல இருந்து பாத்தேன் கண்ணு. கோணலா இருந்துச்சு."

அவள் தலையை ஆட்டாமல் நின்றாள். அவர் செம்பை வாங்கித் தண்ணீரைச் சாய்த்தார். அது அவர் கையிலிருந்து அவள் கைக்கும், அவள் கையிலிருந்து மதன்குமார் கைக்கும் வழிந்து, யார் காலும் தொடாத தரையைத் தேடிக்கொண்டு இறங்கியது.